மாமியின் கால் வீக்கம்

கடல் ஊருக்குள் வந்து போன ஐந்தாம் நாள், மாமியின் வலது கால் கணுக்கால் எலும்பே தெரியாதபடி வீங்கிவிட்டது. மாமி என்றால் அப்பாவின் தங்கை. ஓடும்போது வேலிக் கட்டையில் கால் மடங்கி விழுந்தவர். விழுந்தபோதுதான் கையில் பிடித்திருந்த மகனை விட்டுவிட்டார். எனக்கு அப்போது பத்து வயது. அவனுக்கு ஆறு.

வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். மாமா காலையில் மகனைத் தேடிப் போவார். பின்னேரம் வெறுங்கையோடு வருவார். மாமி வகுப்பறைச் சுவரில் சாய்ந்து காலை நீட்டியபடி இருப்பார். எலும்பு முறியவில்லை என்று சொல்லி டொக்டர் கொடுத்த குளிசைகளை அவர் விழுங்கவில்லை.

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குப்பைமேனி மண்டிக் கிடந்தது. முன்பு நான் மாமரத்திலிருந்து விழுந்தபோது அம்மா அந்த இலையை உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்து என் முழங்காலில் பூசியிருந்தார். வீக்கம் வற்றியது எனக்கு நினைவிருந்தது. ஆகவே நான் வைத்தியரானேன். சமைக்கிற பெண்களிடம் மஞ்சள் கேட்டு வாங்கி, இரண்டு கற்களுக்கிடையில் அரைத்து, காலையும் மாலையும் பூசினேன். மாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்து காய்ந்து வெடித்ததும் கழுவிவிட்டுப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். முதலில் குழி விழுந்து அப்படியே நின்றது. நாலாம் நாள் குழியே விழவில்லை. கணுக்கால் எலும்பு பழையபடி தெரிந்தது. முகாம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அன்று மாமா மத்தியானமே வந்துவிட்டார்.

“வாவிக் கரையில ஒரு புள்ளய எடுத்திருக்காங்க. முகத்த வெச்சி ஆரெண்டு மட்டுக்கட்ட ஏலாம இருக்கு. நீ வந்து உடுப்பப் பாத்துச் சொல்லணும்” என்றார் மாமியிடம்.

“எனக்குக் கால் ஊண்ட ஏலாது. வீங்கிக் கிடக்கு” என்றார் மாமி.

நான் ஓடிப்போய் அவருடைய சேலை விளிம்பை விலக்கினேன். “இல்ல மாமா, வத்திட்டு. பாருங்க.”

மாமா குந்தியிருந்து அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இல்ல மனே, இன்னும் வீக்கம் இருக்கு. மாமிக்கு நடக்க ஏலாது. நீ மருந்தப் போடு” என்று சொல்லி எழும்பி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

பொழுதுபடத் திரும்பி வந்தார்கள். மாமா குழாயடியில் குளித்துவிட்டு, ஈரச் சாரத்தோடு மாமிக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். மாமி சேலைத் தலைப்பால் அவருடைய தலையைத் துடைத்துவிட்டார். மகனை அடக்கம் செய்துவிட்டுத்தான் வந்தார் என்பதைப் பிறகு யாரோ சொல்லித்தான் அறிந்தேன்.

எனக்கிருந்த மனக்குறை வேறு. நான் பாடுபட்டு வற்றவைத்த காலைக் கையில் பிடித்துப் பார்த்தும் வீக்கம் என்கிறாரே, மாமாவுக்குக் கண் சரியில்லை என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

மறுநாள் இரண்டு மடங்கு இலை பறித்து அரைத்தேன். மாமி காலை நீட்டித் தந்தார்.