பிள்ளை இல்லாமல் பால் சுரந்த மாதங்கள்

பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில்தான் அதை முதலில் பார்த்தேன். சுடிதாரில் வலது மார்புப் பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நனைந்திருந்தது. தண்ணீர் பாட்டில் கசிந்திருக்கும் என்று நினைத்துத் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழிட்டு, உடையைக் கழற்றி அழுத்திப் பார்த்தேன். பால் வந்தது.

எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

அப்படிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இன்று யாராவது நின்றுகொண்டிருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வயதுக்கு வந்ததிலிருந்தே எனக்கு மாதவிடாய் சீராக வந்ததில்லை. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. கல்யாணமானால் சரியாகிவிடும் என்பார் அம்மா. நானும் அதற்குமேல் யோசிக்கவில்லை. ஆனால் அந்த முறை நான்கு மாதம் தள்ளிப்போனதும் பயம் வந்தது. பயப்படக் காரணம் இருந்தது. எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்த பிரகாஷும் நானும் பழகிக்கொண்டிருந்தோம். அவருடைய அறைக்குச் சில முறை போயிருக்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பித்தான் போனேன். அதனால் பழியை வேறு யார் மேலும் போட வழியில்லை.

ஜீவனஹள்ளியில் சின்ன வீடு எங்களுடையது. அம்மா, அண்ணன், அண்ணி, நான். கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்க எங்கள் தெரு மெடிக்கலுக்குப் போக முடியாது. கடைக்காரர் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர். வேறு ஏரியாவில் வாங்கியிருக்கலாம். ஆனால் வீட்டிலேயே இருந்தது. அண்ணி லில்லிக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை, சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். பீரோவில் புடவைகளுக்கு அடியில் அவர் கிட்டுகள் வைத்திருப்பது எனக்குத் தெரியும். அவர் கடைக்குப் போன நேரத்தில் ஒன்றை எடுத்தேன்.

இரண்டு கோடு வர வேண்டும் என்று மாதாமாதம் ஜெபிக்கிறவரின் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வரவே கூடாது என்று நான் ஜெபித்தேன். ஒரு கோடுதான் வந்தது. அந்த நிம்மதி மறுநாள்வரைகூடத் தாங்கவில்லை. பால் வருகிறதே, அது எப்படிப் பொய்யாகும்? இன்னொரு கிட்டை எடுத்தேன். அதிலும் ஒரு கோடுதான்.

பிரகாஷிடம் கேன்டீனுக்குப் பின்னால் நின்று, நாள் தள்ளிப்போனதையும் டெஸ்ட் பார்த்ததையும் சொன்னேன். “டெஸ்ட்ல இல்லன்னு வந்துடுச்சில்ல, அப்புறம் என்ன?” என்றார். பால் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் உடம்பைப் பார்த்தவரிடமே அதைச் சொல்லக் கூசியது.

உள்ளே கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஞாயிறு பூசையில், பாவத்தோடு வாங்கக் கூடாதென்று, சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்க எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன். தலைவலியும் உண்மையிலேயே இருந்தது. அதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அண்ணி என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

“ஜெசி, பீரோல ரெண்டு கிட் கம்மியா இருக்கு. நீ எடுத்தியா?”

நான் குனிந்து பக்கெட்டிலிருந்த துணியை மறுபடி பிழிந்தேன்.

“எத்தினி மாசம்?”

“இல்லன்னுதான் வந்துச்சு அண்ணி.”

“அப்புறம் கைக்குட்டையெல்லாம் ஏன் கஞ்சி போட்டாப்ல விறைச்சுக் கெடக்கு?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார், அண்ணனிடம் சொல்வார், ‘எனக்குக் கிடைக்காதது உனக்கு வேண்டாததாப் போச்சா’ என்று கேட்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டார். பிறகு, “என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

லிங்கராஜபுரத்தில் தான் பார்க்கும் டாக்டரிடமே என்னைக் கூட்டிப்போனார். தனக்கு ஸ்கேன் இருப்பதாகவும், துணைக்கு நான் வருவதாகவும் அம்மாவிடம் சொன்னார். நர்ஸ் பழக்கத்தில் சிரித்துக்கொண்டே அண்ணியை எடை பார்க்கக் கூப்பிட்டார். “இன்னைக்கு இவளுக்கு” என்று அண்ணி என்னைக் காட்டினார். உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் என்னை நிமிர்ந்து பார்த்ததாகத் தோன்றியது. உண்மையில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் கன்னடக்காரர். “மதுவே ஆகிதியாம்மா?” என்று கல்யாணமாகிவிட்டதா எனக் கேட்டார். இல்லை என்றேன். அண்ணி தானாகவே எழுந்து வெளியே போனார். டாக்டர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. “உறவு இருந்திருக்கா? ட்ரீட்மென்ட்டுக்காகக் கேக்கறேன், வேற எதுக்கும் இல்ல” என்றார். மேசையைப் பார்த்துத் தலையசைத்தேன். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். தலைவலி உண்டா, பார்வை மங்குகிறதா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார். என்னை மாதக்கணக்கில் வதைத்த விஷயம் அவருக்குப் பல கேள்விகளில் ஒன்று.

ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்பது உறுதியானது. ஆனால் புரோலாக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்) மிக அதிகமாக இருந்தது. எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் சோதனை) எடுத்ததில், பிட்யூட்டரி சுரப்பியில் (மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி) சின்னக் கட்டி தெரிந்தது. அதுதான் பாலை வரவைத்து, மாதவிடாயை நிறுத்தியிருக்கிறது. புற்றுநோய் இல்லை, மாத்திரையிலேயே சுருங்கிவிடும் என்றார் டாக்டர்.

தலையில் கட்டி என்று கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. பக்கத்தில் அண்ணி அழுதுகொண்டிருந்தார். நான் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். பிரகாஷின் அறைக்குப் போனதைவிட அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கூசுகிறது. கல்யாணமாகாத வயிற்றில் பிள்ளை இருப்பதைவிட மண்டைக்குள் கட்டி இருப்பது மேல் என்று நம்பும் அளவுக்குப் போயிருந்தேன்.

வீட்டில் கட்டியைப் பற்றி மட்டும் சொன்னோம். அம்மா சர்ச்சில் பங்குச் சாமியாரிடம் சொல்லி எனக்காகப் பூசை வைத்தார். எல்லோரும் என் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். நோய் என்று பெயர் வந்ததும் என்னை எல்லோரும் தொட்டார்கள்.

வாரத்துக்கு இரண்டு மாத்திரை. சாப்பிட்ட இரவு குமட்டும், எழுந்தால் தலை சுற்றும். சாப்பாட்டோடு போட்டுவிட்டு உடனே படுக்கச் சொன்னார் டாக்டர், அது உதவியது. மாதவிடாய் திரும்புவதற்கு முன்பேகூடக் கரு தங்கலாம், கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். உங்களிடமும் டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பால் கசிவதையும் தலைவலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரகாஷிடம் கட்டியைப் பற்றிச் சொன்னபோது பாவப்பட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்தது. குறைத்தது நான்தான்.

கசிவு முதலில் நின்றது. மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடிவயிறு இழுத்துப் பிடித்தது. குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். ரத்தத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் என் உடம்பு கல்யாணத்துக்குப் பிறகு சரிசெய்துகொள்ளும் ஒரு பொருளாக இருந்தது. பிறகு எந்த நேரமும் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடியதாக இருந்தது. அன்று வலித்தபோதுதான் அது என்னுடையது என்று பட்டது.

அண்ணியிடம் சொல்லச் சமையலறைக்கு ஓடினேன். அவர் தரையில் சுவரில் சாய்ந்து, வயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் அவருக்குச் சில நாள் தள்ளிப்போயிருந்தது எனக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்ததும் தெரியும்.

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “வந்துடுச்சா? நல்லது” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். வெந்நீர்ப் பையை நகர்த்தி, பாதியை என் பக்கம் வைத்தார். எனக்கு ஒரு மாதம் தொடங்கியிருந்தது. அவருக்கு ஒன்று முடிந்திருந்தது.