விசில் அடித்ததும் காலியான லைன்

எங்கள் லைனில் மனிதர்களே இல்லை என்று உலகத்துக்குச் சொன்ன டிவிக்காரர்களுக்கு அன்று காலையில் டீ போட்டுக் கொடுத்தது என் அம்மா. இஞ்சி தட்டிப் போட்டு, அலமாரியில் இருந்த நல்ல கிளாஸ்களைத் தேடிக் கழுவிக் கொடுத்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் கோபப்படுவது கொஞ்சம் அதிகம் என்று யாராவது நினைக்கலாம்.

லைன் என்றால் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டைப் பார்த்து நடந்தால் வருகிற லைன்களில் ஒன்று எங்களுடையது. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் எங்கள் வீட்டில் பசிக்கும். சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகியும் வீடுகள் இன்னும் எங்கள் பேருக்கு வரவில்லை. கம்பெனிக்காரர்கள் தருகிறோம் என்பார்கள், பார்க்கிறோம் என்பார்கள், நடுநடுவே யாராவது வந்து எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஆள் இல்லாத வீடு என்று பேர் வாங்கிவிட்டால் அதோடு அந்த வீடு போச்சு. எங்கள் பூட்டுக்கு மேல் அவர்கள் பூட்டு விழும். அதனால் எங்கள் லைனில் சொந்தத் தம்பி கல்யாணம் என்றாலும் வீட்டோடு கிளம்பிப் போகமாட்டார்கள். ஒருவர் காவல் இருப்பார். என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நான் காவல் இருந்தேன். பிரியாணி பாத்திரத்தில் வந்து சேர்ந்தது.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பூமிக்கு அடியில் வேட்டு வைக்கிற வேலை பார்த்தவர். இப்போது அவருக்கு வேலை டிவி பார்ப்பது. அதுவும் வெளிநாட்டு இங்கிலீஷ் செய்திச் சேனல் ஒன்றைத்தான் பார்ப்பார். ஏன் என்று கேட்டால், "இவன் ஒருத்தன்தான் கத்தாம பேசறான்" என்பார். அந்தச் சேனலில் ஒரு நாளைக்கு என்னென்ன வரும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். மணி அடித்தாற்போல் தலைப்புச் செய்தி. அப்புறம் எங்கேயோ குண்டு விழுந்த தெரு. அதே முகத்தோடு பங்குச் சந்தை. பிறகு பந்து விளையாட்டு, கடைசியில் நாங்கள் ஒருநாளும் போகப்போகாத ஊர்களுக்கு மழை வருமா வராதா என்ற விவரம். மறுபடி மணி, மறுபடி அதே குண்டு. செத்தவர்களுக்குக் கொடுக்கிற நேரத்தைவிடப் பந்துக்குக் கொடுக்கிற நேரம் அதிகம். எனக்கு எரிச்சல் வரும். நைனாவுக்கு வராது. ஷிப்டு மாறுவதுபோல் ஆட்கள் மாறி மாறி வந்து ஒரே வேலையைச் செய்வது அவருக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சேனலில் ஒரு நாள் முழுக்க, உலகத்தில் மனிதர் விட்டுப்போன ஊர்களைப் பற்றி நிகழ்ச்சி போடப் போகிறார்கள் என்றும், மணிக்கு மணி அந்த ஊர்களிலிருந்து நேரடியாகக் காட்டுவார்கள் என்றும், அதில் எங்கள் ஊரும் உண்டு என்றும் எனக்குத் தகவல் வந்தது. நான் பெங்களூரில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்கிற ஒருத்தி என் நம்பரை அவர்களிடம் கொடுத்திருந்தாள். உள்ளூர்க்காரி, இங்கிலீஷ் தெரியும், ஒரு நாள் கூட இருந்து பேச்சை இங்கிலீஷுக்கு மாற்றிச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். மனிதர் விட்டுப்போன ஊர் என்ற வார்த்தையை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை என்று சொல்லமாட்டேன். வாங்கினேன். சுரங்கத்தைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். லீவு போட்டேன். லைன் முழுக்கச் சொன்னேன். நைனா அன்றைக்குக் காலையிலேயே ஷேவ் செய்துகொண்டார்.

அவர்கள் வந்தது பெங்களூர் ரயில் போன பிறகு. எங்கள் ஊரில் வேலைக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விடியும் முன்பே அந்த ரயிலில் ஏறிவிடுவார்கள். உட்கார இடம் இருக்காது, கதவில் தொங்குவார்கள். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். லைனில் மிச்சம் இருந்தது பென்ஷன் வாங்குகிறவர்களும் வீட்டுப் பெண்களும். ஊரே ரயிலில் தொங்கிக்கொண்டு போயிருக்கிற நேரம் பார்த்து வந்து ஊர் காலி என்றால், அது யார் குற்றம்?

வந்தவர்கள் மூன்று பேர். செய்தி சொல்லும் வெளிநாட்டுப் பெண், கேமராக்காரர், பெங்களூரிலிருந்து கூட்டி வந்த உதவியாளர் ஒருவர். அந்தப் பெண் நல்ல மாதிரி. அம்மாவுக்குக் கை கூப்பி வணக்கம் சொன்னாள். டீயை ரசித்துக் குடித்தாள். நேரடி ஒளிபரப்பில் பேசும்போது சத்தம் இல்லாமல் இருந்தால் உதவியாக இருக்கும் என்று என்னிடம் சொல்ல, நான் லைனில் சொன்னேன். உதவியாளர் கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருந்தார். ஸ்கூட்டர்களையும் நாய்களையும் அடக்க அது வேண்டியிருக்கிறது என்றார். ஆரம்பிக்கும்போது ஒரு நீள விசில், முடிந்ததும் இரண்டு சின்ன விசில்.

முதல் விசில் அடித்தபோது நடந்ததை அவர்களால் நம்பவே முடியவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் லைன் காலி. ஒரு ஆள் இல்லை. குழாயடியில் குடம் வரிசை போட்டிருந்த பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு சுவருக்குப் பின்னால் போய்விட்டார்கள். வாசலில் நியூஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் உள்ளே. நைனா என் கையைப் பிடித்து இழுத்துக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். நானும் நின்றேன். மூச்சுவிடாமல் நின்றேன்.

இது எங்கள் உடம்பில் ஊறிய பழக்கம். அடியில் வேட்டு வைத்துத் திரி பற்றவைக்கும் முன் ஒரு நீள விசில் அடிப்பார்கள். அதைக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பாறை மறைவுக்குப் போய்விட வேண்டும். வேட்டு வெடித்து, புகை அடங்கி, மறுபடி விசில் வரும்வரை வெளியே தலை காட்டக்கூடாது. காட்டியவர்கள் திரும்பி வரவில்லை. அந்தப் பயத்தை ஆண்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் தெருவில் விளையாடும்போது நைனா வாயாலேயே விசில் அடிப்பார், நாங்கள் ஓடிப்போய் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படி வளர்ந்த லைனுக்கு நடுவில் போய் விசில் அடித்தால் வேறென்ன நடக்கும்? இரண்டு சின்ன விசில் கேட்டதும் எல்லோரும் வெளியே வந்து சிரித்தோம். நைனாவுக்கு ஒரே சந்தோஷம். "ஒழுங்கு தெரிஞ்ச பசங்க" என்று உதவியாளரைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த மணியும் அப்படியே. விசில், காலி, விசில், சிரிப்பு. காலையிலிருந்து கரண்ட் இல்லாததால் டிவியில் என்ன வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது முறை விசில் அடித்து நாங்கள் உள்ளே ஓடி நின்றபோது கரண்ட் வந்தது. புத்தர் படத்துக்குக் கீழே டிவி தானாக உயிர் பெற்றது.

எங்கள் லைன் தெரிந்தது. சாத்திய கதவுகள். காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை உருண்டு போனது. கேமரா மெதுவாகக் குழாயடிக்குப் போய்க் குடங்களைக் காட்டியது. பச்சை, நீலம், சிவப்பு, அம்மாவின் மூக்கு உடைந்த மஞ்சள் குடம். அந்தப் பெண்ணின் குரல், தங்கம் தீர்ந்ததும் மக்கள் இந்த ஊரைக் கைவிட்டார்கள் என்றது. எவ்வளவு அவசரமாகப் போனார்கள் என்றால் தண்ணீர்க் குடங்களைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்றது. இங்கே இப்போது காற்று மட்டும்தான் வசிக்கிறது என்றது.

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, குடம் தெரியும். என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். சொன்னேன். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத ஊரில், வரிசையில் வைத்த குடம்தான் ஆள். குடம் நிற்கிறது என்றால் குடத்துக்காரி நிற்கிறாள் என்று அர்த்தம். அந்த வரிசையைப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்கிறாள். நைனா டிவியைப் பார்த்தபடியே நின்றார். ஆள் இல்லாத ஊராக எங்களை ஆக்கியது எங்கள் கால்கள்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் வெளியே போய் அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்டேன். அவள் சங்கடப்பட்டாள். நிகழ்ச்சியின் தன்மை அப்படி என்றாள். ஸ்டுடியோவில் எழுதிக் கொடுப்பதைத்தான் சொல்ல வேண்டும் என்றாள். ஆட்களைப் பற்றி வேறொரு நாள் தனியாகச் செய்யலாம் என்றாள். வீட்டு விஷயத்தைச் சொன்னேன். ஆள் இல்லை என்று நீங்கள் சொல்வதை இங்கே காத்திருக்கிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள், நாளைக்குப் பூட்டு வரும் என்றேன். டிவியில் சொன்னதை யார் ஆதாரமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கேட்டாள். நாங்கள் எடுத்துக்கொள்கிறோமே, எந்நாளும் உங்கள் சேனலைப் பார்த்துத்தானே உலகத்தை நம்புகிறோம் என்றேன்.

அடுத்த நேரடிக்கு அவள் மைக்கைச் சரி செய்துகொண்டிருந்தபோது குழாய் சீறியது. தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும் சத்தம். அதே நிமிஷம் உதவியாளர் நீள விசில் அடித்தார்.

லைன் மறுபடியும் உள்ளே ஓடியது. மனசுக்குத் தெரிந்தும் கால் கேட்கவில்லை. நைனாவின் கை பழையபடி வாசலுக்குக் குறுக்கே நீண்டது. அம்மா அந்தக் கைக்கு முன்னால் வந்து நின்றாள். வெளியே குழாயில் தண்ணீர் சிமெண்ட் தரையில் கொட்டி வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

"கையை எடு" என்றாள். "அது வேட்டு இல்ல. நம்மள இல்லாம ஆக்கற விசிலு."

நைனா கையை எடுத்தார்.

அம்மா வெளியே நடந்தாள். விசில் அடித்த பிறகு லைனில் ஒருத்தி நடந்து போவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மஞ்சள் குடத்தைக் குழாய்க்கு நேர் கீழே இழுத்து வைத்தாள். அடுத்த கதவு திறந்தது. அதற்கடுத்தது. பெண்கள் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள், என் குடம் முன்னால், உன் குடம் பின்னால் என்று. வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகவே போட்டார்கள். பெரியவர்கள் வாசலில் வந்து உட்கார்ந்து பேப்பரை விரித்தார்கள். நைனா கடைசியாக வந்தார். வெறும் கையாக வந்தவர் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டார். உதவியாளர் விசிலை வாயில் வைத்தபடி எங்களையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்தப் பெண் பாதி வாக்கியத்தில் இருந்தாள். காற்று மட்டும் வசிக்கும் ஊரில் அவள் முதுகுக்குப் பின்னால் குடமும் கூச்சலும். அவள் தொழில் தெரிந்தவள். சட்டென்று திரும்பி மைக்கை அம்மாவிடம் நீட்டினாள். எல்லோரும் போன பிறகும் நீங்கள் ஏன் இங்கேயே தங்கிவிட்டீர்கள் என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.

அம்மா குடத்திலிருந்து கையை எடுக்காமல் பதில் சொன்னாள். "யாரும் போகல. வேலைக்குப் போயிருக்காங்கோ, சாயந்திர ரயிலுக்கு வந்துடுவாங்கோ. நாங்க இங்கதான் கீறோம். பூட்டு எடுத்துக்கினு வர்றவங்க யாரா இருந்தாலும் பகல்ல வாங்க. கதவைத் தொறக்க நான் இருப்பேன்."

ஒரு சொல்லையும் குறைக்காமல் மாற்றிச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய நல்ல இங்கிலீஷ் அதுதான். அதற்குள் ஸ்டுடியோவில் இருந்தவர் நன்றி சொல்லிச் சிரித்துவிட்டு மழைக்குப் போய்விட்டார்.

அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அம்மாவிடம் அந்தப் பெண் சொல்லிக்கொண்டுதான் போனாள். சாயந்திரம் ரயில் வந்து லைன் நிரம்பிய பிறகு, சேதி கேட்டு ஆட்கள் எங்கள் வீட்டில் குவிந்தார்கள். உள்ளே இடம் போதாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று டிவி பார்த்தார்கள். திரையில் அம்மா வருவாள் என்று காத்திருந்தோம். வரவில்லை. காலையில் எடுத்ததையே திரும்பப் போட்டார்கள். சாத்திய கதவு, பிளாஸ்டிக் பை, குடங்கள், காற்று. ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். அம்மா அவரைக் கண்டிக்கவில்லை. இன்னொரு முறை வரட்டும், அப்போதும் குடத்தோடு நடப்பேன் என்றாள்.

பிறகு வேறொரு நாட்டில் வேறொரு ஊரைக் காட்டினார்கள். அங்கே ஏதோ ஆலை மூடிவிட்டதாம். பனி பெய்திருந்த தெரு, வரிசை வீடுகள், சாத்திய கதவுகள். இங்கே இப்போது யாரும் இல்லை என்று ஒரு ஆணின் குரல் சொன்னது. கூட்டம் அலுத்துப்போய்க் கலைய ஆரம்பித்தது. நைனா மட்டும் எழுந்து டிவிக்குக் கிட்டே போனார். முழங்கால் வலிக்கக் குனிந்து, திரையின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே ஒரு வீட்டுப் பக்கத்தில் கொடி கட்டியிருந்தது. அதில் ஒரு சின்னக் குழந்தையின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

நாள் முழுக்க எங்களைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்த மனிதர் அந்தச் சட்டையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"வெளிய வாங்க" என்றார். "வெளிய வந்து நில்லுங்க. பூட்டிடுவானுங்க."