சிம்மக்கல் டீமின் கோல்கீப்பர்

கருத்தக்கண்ணன் பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்து சிம்மக்கல் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். சாயங்காலமானால் வைகை மணலில் சிம்மக்கல் டீமோடு பந்து விளையாடுவார். பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவர், கோல் காத்துப் பழக்கமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் ஒரு மில்லில் புதிதாக டீம் சேர்த்தார்கள். விளையாடுகிறவனுக்கு மில்லிலேயே வேலை என்றதும் சிம்மக்கல்லிலிருந்து ஐந்து பேர் போய்விட்டார்கள். அதில் கோல்கீப்பரும் ஒருவர். இன்னொருவன் மருது, கருத்தக்கண்ணனின் மனைவி சின்னத்தாயின் தம்பி.

"உங்க கை பெருசுண்ணே, நீங்களே நில்லுங்க" என்றார் கிளப் செக்ரட்டரி ஜேசுராஜ் வாத்தியார்.

நின்றார். முதல் மேட்சிலேயே ஏழு கோல் வாங்கினார். ஏழு மேட்சில் ஆறு தோல்வி. மண்டியில், "அண்ணே, நேத்து எம்புட்டு?" என்று கேட்காத ஆளில்லை. முழங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன. சின்னத்தாய் மஞ்சளை அரைத்துப் போட்டுக்கொண்டே, "பந்து உங்களைத் தேடி வரும்போதாவது பிடிக்கக்கூடாதா?" என்பாள்.

கடைசி மேட்ச் மில் டீமோடு. டிரா செய்தால் முதல் டிவிஷனில் தங்கலாம், தோற்றால் இரண்டாவது டிவிஷன்தான். அன்று கருத்தக்கண்ணன் பாய்ந்து விழுந்து எதையெதையோ தடுத்தார். ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கையில், முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெனால்டி. அடிக்க வந்தவன் மருது.

பந்தை வைத்துவிட்டு அவன் அசையாமல் நின்றான். கண் கலங்கியிருந்தது. கம்பத்துக்கு வெளியே ஒருதரம் பார்த்தான். கருத்தக்கண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"டேய் மாப்ள, ஒழுங்கா அடி. வேணும்னு வெளிய அடிச்சே, நம்ம வீட்டுப் பக்கம் வந்துராத."

மருது அடித்தான். கருத்தக்கண்ணன் சரியான பக்கம்தான் பாய்ந்தார். விரல் நுனி பட்டது, பந்து நிற்கவில்லை.

பொழுது சாயும்போது மருது அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை.

"எந்தப் பக்கம்டா அடிச்ச?" என்றாள் சின்னத்தாய்.

"அவருக்கு இடது பக்கம்க்கா."

"அந்தப் பக்கம் அவருக்குப் பாய வராதுன்னு உனக்குத் தெரியுமேடா!"

"தெரியும்க்கா. மச்சான்தான் ஒழுங்கா அடின்னு சொன்னாரு."

அந்த சீசனில் கருத்தக்கண்ணன் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "வந்து உக்காரு மாப்ள. பாயத்தான் செஞ்சேன், விரல் நுனிதான் எட்டுச்சு." சின்னத்தாய் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். தம்பிக்கு மட்டும் குழம்பைக் கொஞ்சம் குறைத்து ஊற்றினாள்.

மறுவருஷம் இரண்டாவது டிவிஷனுக்கு ஆள் சேர்க்க ஜேசுராஜ் வாத்தியார் தயங்கித் தயங்கித்தான் மண்டிக்கு வந்தார்.

"மேட்ச் எங்க சார்?"

"வத்திக் கெடக்குற வில்லாபுரம் கண்மாய்க்குள்ள. ஆடு மேய்ஞ்சுக்கிட்டிருக்கும், வெரட்டிட்டுத்தான் ஆடணும்."

"அப்ப வெள்ளனவே வாரேன்" என்று சொல்லிவிட்டு, கருத்தக்கண்ணன் அடுத்த மூட்டைக்குத் தோளைக் கொடுத்தார்.