துரை வீட்டு உத்தரம்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மருமகன் நேற்று அங்குள்ள ஒரு கிராமத்து வீட்டின் படத்தை அனுப்பியிருந்தார். செங்குத்தான கூரை, வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள், புகைக்கூண்டு. "பழங்காலத்து வீடு மாமா, அழகா இருக்குல்ல?" என்று கேட்டிருந்தார். அச்சாக இதே போன்ற வீட்டைப் பொன்மலைப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, சொந்த ஊர் நினைப்பில் கட்டியது. பனி வழுக்கி விழக் கூரை, குளிர்காய ஹாலில் ஓர் அடுப்பு. திருச்சியில் எங்கே பனி பெய்கிறது, நீங்களே சொல்லுங்கள்! கதவைத் திறந்தால் ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த வாடை வரும். இன்றும் பழைய வீடுகளில் நுழையும்போது என் மூக்கு அதைத் தேடுகிறது.

தொட்டியத்து வாழை வியாபாரி ஒருவர் அதை வாங்கினார். மராமத்து வேலை எங்கள் இன்ஜினியரிடம் வந்தது. நான் அவரிடம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் பேனாவைச் செருகியதுமே பாதி இன்ஜினியர் என்ற நினைப்பு. வியாபாரியின் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் கட்டிலுக்கு நேர்மேலே, சுவருக்குச் சுவர் ஓர் உத்தரம் ஓடியது. அதனடியில் பிள்ளைத்தாய்ச்சி படுக்கக் கூடாது என்றார் வாஸ்துக்காரர். கட்டிலைத் திருப்பினாலோ தலை வடக்கே போகிறது.

"தம்பி, இத அறுத்து எடுத்துடலாங்களா?" என்று வியாபாரி என்னைக் கேட்டார்.

"தாராளமா எடுங்க. அது சும்மா அழகுக்கு வச்சதுங்க."

இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உத்தரத்தை அறுத்து எடுத்த மறுவாரமே சுவர் முனகத் தொடங்கியது. "படுத்தா சுவத்துக்குள்ள யாரோ விரலச் சொடுக்குறாங்கண்ணே," என்றாள் செல்வி. துரையின் ஆவிக்குக் கோபம் என்று வீடே நம்பியது. அவள் அம்மா ஹால் அடுப்பில் சுருட்டும் பிராந்தியும் வைத்துக் கும்பிட்டார்.

நான் வேறு யார் வீட்டையோ சொல்வதுபோல இன்ஜினியரிடம் பேச்சுக்கொடுத்தேன். "அது அழகுக்கு இல்லப்பா. அந்த மாதிரி கூரை சுவத்த வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். உத்தரந்தான் ரெண்டு சுவத்தையும் இழுத்துப் புடிச்சிருக்கு," என்றார்.

மறுநாள் செல்வியின் அறைச் சுவரில் புதிதாக விட்டிருந்த விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். எங்கள் தொழிலில் அதுதான் சோதனை. வேலை போய்விடும் என்ற பயத்தில் உண்மையைச் சொல்லவில்லை. பழியைத் துரையே சுமக்கட்டும் என்று விட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன?

மூன்றாம் நாள் காலை கண்ணாடி இரண்டாக இருந்தது. அதன் கீழே செல்வி காலை நீட்டி உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். வியாபாரியிடம் ஓடினேன்.

"ஐயா, துரை வீட்டத் திருப்பிக் கேக்குறாருங்க. இப்பவே செல்விப் பாப்பாவக் கூட்டிக்கிட்டுத் தொட்டியம் போயிடுங்க."

விரிசல் என்றிருந்தால், பூசிக்கொள்ளலாம் என்றிருப்பார். ஆவி என்றதும் அரைமணியில் வாசலில் கார் நின்றது. அந்த வாரமே பெய்த மழையில், சுவர் விலகி, கூரை மொத்தமும் கட்டில்மேல் இறங்கியது.

குழந்தை பிறந்ததும் வியாபாரி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்கதான் தம்பி எங்க குலதெய்வம்." அவர் நீட்டிய சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்போது அங்கே அடுக்குமாடி. இன்ஜினியர் இல்லை, நான் யாரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமோ அந்த வியாபாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். செல்வியின் மகனுக்கு என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.