தருமன் விட்டுப்போன கையுறை

சகாதேவனுக்கு நாற்பத்தாறு வயது. உடம்பில் வேறெந்தக் குறையும் கிடையாது. கைதான் காலை வாரும். மார்கழி பிறந்ததும் பத்து விரல்களும் சொல்பேச்சு கேட்காமல் வெளுத்து விறைத்துப்போகும், கிள்ளினாலும் தெரியாது.

இந்த லட்சணத்தில் அவன் பார்க்கிற தொழில் விடியற்காலையில் பைக் ஓட்டுவது. பழவேற்காட்டு ஏரியில் பிடிபடும் நண்டுகளைக் கால் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, பின்சீட்டுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஐந்து மணிக்குக் குப்பத்தைவிட்டுக் கிளம்புவான். ஆறரைக்குள் பொன்னேரி கடையில் பெட்டியை இறக்க வேண்டும். நண்டு உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்பது கடைக்காரரின் கண்டிஷன். ஓட்டுகிறவன் உயிரோடு போய்ச் சேருவதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

கையைச் சூடாக வைத்துக்கொள்ள அவன் செய்யாத கூத்தில்லை. முதலில் பிளாஸ்டிக் பைகளை மாட்டிக் கட்டினான். அது காற்றில் படபடத்த சத்தத்துக்கு வழிநெடுக நாய்கள் துரத்தின. பிறகு எண்ணெய் கேனை இரண்டாக வெட்டி ஹேண்டில்பாரின் இரு பக்கமும் கவிழ்த்துக் கட்டினான். காற்று நின்றது, ஆனால் ஹார்ன் பட்டன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. கடைசியில் வழியில் நிறுத்தி நிறுத்தி இன்ஜின் சூட்டில் கையைக் காட்டினான். போன தை மாதம் திருப்பாலைவனத்துக்கு முன்னால் உள்ள வளைவில் பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. வண்டியோடு வயலில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது.

"இன்னொரு தபா விழுந்தீனா நான் தூக்க வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் மனைவி தெய்வநாயகி. சொல்லிவிட்டு மூன்று மாதம் சோறு ஊட்டினாள்.

இந்த வருஷம் ஐப்பசி வெள்ளத்தில் அவன் தங்கை வளர்மதியின் புருஷன் தருமன் போய்விட்டான். ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. உடன்போன இருவர் நீந்திக் கரையேறினார்கள். தருமனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவனுக்கு அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதினாறாம் நாள், அவன் உடம்பில் பட்ட துணிமணி, செருப்பு, துண்டு எல்லாவற்றையும் மனைவி ஒரே மூட்டையாகக் கட்டுவாள். ஏரித்தண்ணீர் கடலுக்கு ஓடும் நேரம் பார்த்து, அவளுடைய அண்ணன் அதை முகத்துவாரத்தில் விட வேண்டும். ஒரு பொருள்கூடக் கரையில் தங்கக் கூடாது. தங்கினால் போனவன் போகமாட்டான்.

சகாதேவன் தனியாகப் படகில் மூட்டையைக் கொண்டுபோனான். முடிச்சு இளகியிருந்தது. மேலாக ஒரு ஜோடி கையுறை தெரிந்தது. தருமன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு வருஷம் குளிர்ப்பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனபோது வாங்கியது. தடித்த தோல், உள்ளே கம்பளி. சகாதேவன் அதைப் பார்த்தான், தன் விரல்களைப் பார்த்தான், சுற்றுமுற்றும் பார்த்தான். மூட்டை தண்ணீரில் போயிற்று. கையுறை அவன் சட்டைக்குள் போயிற்று. மச்சான் உயிரோடு இருந்தால் கேட்டதும் கொடுத்திருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் விடியலில் பைக் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த கையுறையை எடுத்தான். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த பெட்டி, தொட்டால் சில்லிட்டது. கையுறைக்குள் கையை விட்டான். உள்ளே சூடாக இருந்தது. கம்பளி தரும் சூடு இல்லை, யாரோ அப்போதுதான் கழற்றி வைத்த சூடு.

அதன்பின் எல்லா நாளும் அப்படித்தான். பயந்தான், ஆனால் கழற்றவில்லை. அந்தச் சூட்டில் விரல்கள் வாலிபத்தில் மடங்கியதுபோல் மடங்கின. பொன்னேரியில் பெட்டியை இறக்கும்போது, கடைக் கடிகாரம் ஆறரை காட்டும்போது கழற்றுவான். திரும்பி வரும்போது வெயில் வந்துவிடும்.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் தெய்வநாயகி அவனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"உன் தங்கச்சி சரியா துன்றதில்ல, தூங்குறதில்ல. காலைல கதவுத் தாழ்ப்பாளு தானா தூக்குதாம். போய்த் தொறந்தா ஒருத்தரும் இல்லியாம். வாசப்படி மட்டும் ஈரமா கீதாம். மூட்டைல இன்னாவோ உட்டுப்போச்சுன்னு ஊரே பேசுது."

சகாதேவன் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். கூடப்பிறந்தவள் துரும்பாய் இளைத்துக்கொண்டிருக்கிறாள், தானோ திருடிய கையுறையில் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறான். வெட்கமாக இருந்தது. நாளைக்குக் கொண்டுபோய் முகத்துவாரத்தில் விட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தான், அடுத்த நாளும் நினைத்தான். விடிந்தால் குளிர் அடித்தது, வளைவில் முறிந்த எலும்பு ஞாபகம் வந்தது, கை தானாகக் கையுறைக்குள் போயிற்று.

மார்கழி பத்தாம் தேதி பனி ஏரியையும் சாலையையும் ஒன்றாக்கியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் நாலு முழத்துக்கு மேல் போகவில்லை. பாலம் தாண்டித் திருப்பாலைவனத்தை நெருங்கும்போது சகாதேவன் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டான். கை கதகதப்பாக இருந்தால் தூக்கம் வரத்தானே செய்யும்.

வலதுகை பிரேக்கைப் பிடித்தது. அவன் பிடிக்கவில்லை. கையுறைக்குள், அவன் விரல்களின் மேல் வேறு விரல்கள் படிந்து ஒவ்வொன்றாக அழுத்தி மடக்கின. அந்த விரல்கள் ஈரமாக இருந்தன. வண்டி கிறீச்சிட்டு நின்றது. அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைக்கோல் வாசனை அடித்தது. விளக்கில்லாமல், ஆளில்லாமல், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நடுரோட்டில் நின்றிருந்தது.

"மச்சான்?" என்றான் சகாதேவன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

உதறி உதறிக் கையுறையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு மூடினான். போனில் மணி ஐந்து நாற்பது. வெறுங்கையோடு, மாட்டுவண்டி வேகத்தில், பல் கிடுகிடுக்கப் பொன்னேரிக்குப் போனான். அன்று நாலு நண்டு செத்துவிட்டது. கடைக்காரர் கத்தியது ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை.

நேராக வளர்மதி வீட்டுக்கு வந்தான். அவள் வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கையுறைகளை அவள் மடியில் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான்.

"என்னை அடிச்சிடு வளரு. நீ இப்டி ஆனதுக்கு நான்தான் காரணம். இன்னிக்கே கொண்டுபோய் உட்டுட்றேன்."

வளர்மதி கையுறையைத் தடவினாள். கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை.

"மூட்டை கட்னது யாருணா? நான்தான? உன் கை படும்னு தெரிஞ்சுதான் மேலாப்புல வெச்சேன். முடிச்சும் லூசாதான் போட்டேன்."

"இன்னாத்துக்குடி?"

"முழுசா அனுப்ப மனசு வரல. நான் வெச்சுக்கினா ஊரு உடாது. நீ எடுத்தீனா யாருக்கும் தெரியாதுல்ல?" அவள் குரல் தாழ்ந்தது. "டெய்லி ஆறரைக்குத் தாழ்ப்பாளு தூக்கும். எனக்கு அதுல பயம் இல்லணா. தொறந்தா நிக்காம பூடுதே, அதான் தாங்கல. இன்னிக்கு ஆறுகூட ஆவல, சீக்கிரமே சத்தம் கேட்டுது. வெளக்குகூட ஏத்தல நானு. ஏன்ணா, இன்னிக்கு நீ சீக்கிரமா கழட்டிட்டியா?"

சகாதேவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

வளர்மதி இடதுகை உறையை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டாள். அவள் கைக்கு அது பெரியது. வலதை அவனிடம் நீட்டினாள்.

"பிரேக்கு இந்தக் கைலதான? நீ வெச்சுக்க. இது எனக்கு."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அவள் கையுறைக்குள் மெல்ல விரல்களை மடக்கி, எதையோ பற்றிக்கொண்டவளாகக் கண்ணை மூடியதைப் பார்த்ததும் வலது உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அன்று இரவு தெய்வநாயகி வந்து சொன்னாள், வளர்மதி நன்றாகச் சாப்பிட்டாளாம். கதவைத் தாழ் போடாமலே படுத்துவிட்டாளாம்.

மறுநாள் ஐந்து மணிக்குச் சகாதேவன் பெட்டியைத் திறந்து வலது உறையை எடுத்தான். கொஞ்ச நேரம் தயங்கி நின்றான். பிறகு கையை உள்ளே விட்டான்.

உள்ளே ஜில்லென்று இருந்தது, தண்ணீரில் ஊறிக் கிடந்த தோல்போல. நாற்பது நாள் இல்லாத குளிர். விரல் நுனிவரை விட்டுப் பார்த்தான், ஊதிப் பார்த்தான், கன்னத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை.

தருமன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டான். பதினாறாம் நாள்கூட அழாத சகாதேவன், ஈரச்சாக்குக்குள் நண்டுகள் கரகரக்க, பைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு பழைய எண்ணெய்க் கேனைத் தேடி எடுத்து ஹேண்டில்பாரில் கட்ட ஆரம்பித்தான்.