தில்லையண்ணை முட்டை கழுவின ஆவணி

கொக்குவில் ஸ்ரேசனடியில் இருக்கிற என்ரை கடைக்கு முட்டை போடுகிறவர் தில்லைநாதன் அண்ணை. சைக்கிள் கரியரில் தட்டுகளை அடுக்கி, பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். றோட்டில் குழி கண்டால் இறங்கி உருட்டுவார். அறுபதை நெருங்குகிற மெலிந்த மனிசன். கதை குறைவு. ஒரு சொல்லில் முடிகிற விசயத்துக்கு இரண்டாவது சொல்லைச் செலவழிக்க மாட்டார்.

அவர் இருக்கிற வீடு அவருடையதில்லை. அக்கா சிவகௌரியின் சீதன வீடு. அக்கா கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலத்திலேயே புருசன் பரமலிங்கத்தாரோடு கனடாவுக்குப் போய்விட்டா. பூட்டிக் கிடந்தால் பாழாகும் என்று தம்பியை இருத்திவிட்டுப் போனா. சண்டைக்காலத்தில் விட்டுவிட்டு ஓடி, வன்னியெல்லாம் அலைந்து, திரும்பி வந்து ஓடு மாற்றி, கிணறு இறைத்து அதை ஒரு வீடாக வைத்திருக்கிறது தில்லையண்ணையும் அவருடைய மனிசி செல்வநாயகி அக்காவும்தான். வாடகையும் இல்லை, அவர்கள் பேரில் காணி உறுதியும் இல்லை.

பின்வளவில் கோழிக்கூடு. அந்தக் கோழிகள்தான் அவர்களுக்குச் சாப்பாடு, முழங்கால் மருந்து, வவுனியாவில் கட்டிக்கொடுத்த மகளுக்கு நல்லநாளுக்கு ஏதும் கொண்டுபோகிற வழி எல்லாம். ஆனால் கோழி நிற்கிற நிலம் அக்காவுடையது. அவ ஒரு சொல் சொன்னால் கூட்டைக் கழற்றவேண்டியதுதான். அது அந்த மனிசனுக்கு எந்த நேரமும் தெரியும்.

நல்லூர் முருகனுக்குக் கொடி ஏறினால் எங்கடை பக்கத்தில் மச்சம் இல்லை. மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டையும் மச்சக் கணக்குத்தான். இருபத்தைந்து நாள் திருவிழா முடியுமட்டும் என்ரை கடையில் முட்டைத் தட்டில் தூசி படியும். கோழிக்குக் கொடியேற்றம் தெரியாது, அது தன்பாட்டுக்கு இட்டுக்கொண்டிருக்கும். அதனால் தில்லையண்ணை வருசா வருசம் அந்த நாட்களில் முட்டையைக் குருநகருக்குக் கொண்டுபோவார். அங்கே கடலுக்குப் போகிற வேதக்காரச் சனம், மாதாகோயில்காரர். கிறகோரி என்கிறவன் அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். கொண்டுபோன முட்டை அன்றன்றைக்கே அவனுடைய அடுப்பில் முடிந்துபோகும். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

"அண்ணை, உங்கடை முருகன்ரை கொடியிலையே கோழிதானே நிக்குது. பேந்தேன் அவருக்கு முட்டை ஆகாது?" என்று கேட்டான் கிறகோரி.

"அது சேவல். முட்டை இடாது," என்றார் தில்லையண்ணை. சிரிக்கவில்லை. கிறகோரிதான் விழுந்து விழுந்து சிரித்தான்.

போன வருசம் கொடியேறுவதற்குக் கொஞ்சம் முந்தி அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். பரமலிங்கத்தார் வந்த களை ஆறுமுன்னமே வளவைச் சுற்றி நடந்து அளந்தார். அறைகளுக்குள் குளியலறை போட்டு, வெளிநாட்டிலிருந்து கோயிலுக்கும் கலியாணத்துக்கும் வருகிற சனத்துக்கு வாடகைக்கு விடுகிற யோசனை. பின்வளவுக்குப் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"தில்லை, நீர் உதுகளை எடுக்கவேணும். உந்த மணத்துக்கை ஆர் காசு குடுத்துப் படுப்பினம்?"

தில்லையண்ணை அக்காவின் முகத்தைப் பார்த்தாராம். செல்வநாயகி அக்கா பிறகு எனக்குச் சொன்னது. சிவகௌரி அக்கா அப்போது குசினியில் ஒரு முட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறா. முட்டையில் எச்சமும் ஒரு சின்னச் சிறகும் ஒட்டியிருந்தது.

"உதையோ கடைக்குக் குடுக்கிறாய்?"

"துடைச்சுத்தான் குடுக்கிறனான், அக்கா."

"துடைச்சால் போதுமோ? அங்கை நான் எவ்வளவு காலம் கடையிலை வேலை செய்தனான். கழுவாத முட்டை வாசலுக்கையும் வராது. வந்தவுடனை பிறிட்ஜுக்கை போகும். கிழமைக் கணக்கிலை நிக்கும், ஒண்டும் ஆகாது."

பிறகு அவவே அத்தானுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தா. கோழி நிற்கட்டும். ஆனால் கனடாவில் செய்கிற மாதிரித் துப்பரவாய்ச் செய்யவேணும். முட்டையைக் கழுவவேணும், பிறிட்ஜில் வைக்கவேணும். திருவிழா முட்டையைக் குருநகருக்குக் கொண்டுபோய் மலிவாய்த் தள்ளத் தேவையில்லை. சேர்த்து வைத்தால், திருவிழா முடிந்து சனம் மச்சத்துக்குப் பறக்கிற நேரம் நல்ல விலைக்குப் போகும். சொன்னதோடு நில்லாமல் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பிறிட்ஜ் ஒன்றை வாங்கி விறாந்தையில் நிறுத்தினா. அவவைப் பிழை சொல்ல ஏலாது. புருசனின் வாயிலிருந்து அந்தக் கோழிகளைக் காப்பாற்றுவதற்கு அவவுக்குத் தெரிந்த வழி அதுதான்.

"செய்யிறன்," என்றார் தில்லையண்ணை.

தில்லையண்ணையைக் கடைப்பக்கம் காணாததால் என்னவென்று பார்க்க ஒருநாள் போனேன். கிணற்றடியில் புருசனும் பெஞ்சாதியும் இருந்து, தேங்காய்த் தும்பில் சவுக்காரம் போட்டு ஒவ்வொரு முட்டையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றுத் தண்ணி பச்சென்று குளிர். செல்வநாயகி அக்கா காலை நீட்டி, முதுகைக் கிணற்றுக்கட்டில் சாய்த்து இருந்தா. தில்லையண்ணையின் விரல் நுனியெல்லாம் சவுக்காரம் தின்று வெளுத்திருந்தது. சிவகௌரி அக்கா பக்கத்தில் கதிரை போட்டிருந்து லண்டனில் இருக்கிற தன்ரை மகன் கீர்த்திகனோடு போனில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தா.

"அம்மா, மாமா உதிலை என்ன செய்யிறார்?"

"முட்டை கழுவுறார்."

"முட்டையைக் கழுவுறதோ? இஞ்சை கழுவின முட்டையைக் கடையிலை விக்க விடமாட்டாங்கள். பாண் பிஸ்கற்றுக்குப் பக்கத்திலை சும்மா தட்டிலைதான் கிடக்கும். சிங்கம் குத்தியிருக்கும்."

"என்ன குத்தியிருக்கும்?" என்று தில்லையண்ணை தலையை நிமிர்த்தினார்.

"சிங்கம், மாமா. சிவப்பு மையிலை. கோழிக்கு ஊசி போட்டதெண்டதுக்கு அடையாளம்."

"அங்கையும் சிங்கமோ," என்றா செல்வநாயகி அக்கா, முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அம்மா, கோதிலை கண்ணுக்குத் தெரியாத மெழுகு மாதிரி ஒண்டு கிடக்காம். கழுவினால் அது போயிடும். பேந்து கிருமி உள்ளுக்கை போகும். அதுதான் கனடாவிலை கழுவினாப்பிறகு பிறிட்ஜிலை வைக்கிறவை."

"அப்ப நாங்களும் பிறிட்ஜிலைதானே வைக்கிறம். நீ லண்டனுக்குப் போய் ஊத்தை பிடிச்சுப்போனாய். போனை வை."

எனக்கும் அவ சொல்வது சரியாய்த்தான் பட்டது. ஊசி போடாத கோழி, கழுவின முட்டை, பிறிட்ஜ். எங்கே பிழை? என்ரை தங்கச்சி ஜேர்மனியில் இருக்கிறாள். வந்து நின்றால், மேசையில் கிடக்கிற முட்டையைக் கண்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒருமுறை அவளோடு கூட வந்த அமெரிக்காக்காரச் சிநேகிதி அதைத் தொடவும் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒவ்வொரு முட்டையோடு வந்து இறங்கினால் நாங்கள் ஆருக்கென்று ஆடுவது?

"விசர் வேலையாக் கிடக்கு அண்ணை," என்றேன், அக்கா உள்ளே போன பிறகு.

"கோழி நிக்குமெண்டால் கழுவுறதுக்கென்ன," என்றார்.

இதற்கிடையில் கிறகோரி எனக்குப் போன் எடுத்தான். "அண்ணை எங்கை? முருகன் இந்த முறை முட்டையும் சாப்பிடத் துடங்கீட்டாரோ?" நான் விசயத்தைச் சொன்னேன். தான் வேறை இடத்தில் எடுக்கிறதாகச் சொன்னான். அவனுக்கும் கடை நடக்கவேணும்.

திருவிழா முடிந்தது. கடைசிப் பூசையான வைரவர் மடைக்கு மறுநாள் விடிய இறைச்சிக்கடை எல்லாம் சனம். தில்லையண்ணை முட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். பளபளவென்று வெள்ளையும் மண்ணிறமுமாக, அப்படி முட்டை என்ரை கடைக்கு முந்தி வந்ததில்லை. ஆனால் பிறிட்ஜிலிருந்து வெயிலுக்குள் வந்ததால் ஒவ்வொரு முட்டையும் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. சீலைத் துண்டால் துடைத்துத் துடைத்து மேசையில் அடுக்கினேன். என்ரை பிறிட்ஜில் சோடாவும் யோகட்டும் கிடக்கிறது, முட்டைக்கு இடமில்லை. இத்தனை காலமும் முட்டையை எவன் குளிருக்குள் வைத்தான்?

முதல் இரண்டு நாளும் ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொருத்தராக வரத் தொடங்கினார்கள். பக்கத்து ஒழுங்கை தர்சினி ரீச்சர் ஒரு பெரிய பாத்திரத்தை மூடிக் கொண்டுவந்து மேசையில் வைத்தா.

"கேக்குக்கு அடிச்ச மா. எல்லாத்தையும் உடைச்சு ஊத்திப்போட்டுக் கடைசி முட்டையை உடைச்சனான். ஒருக்கா மணந்து பாருங்கோ."

"வேண்டாம் ரீச்சர், உங்கையே மணக்குது."

"பிள்ளையின்ரை பிறந்தநாளுக்கு. இனி மாவுக்கும் மாஜரினுக்கும் நான் எங்கை போறது?"

மாவும் மாஜரினும் எடுத்துக் கொடுத்தேன். பின்னுக்கு நின்ற ஒரு கிழவர், "திருவிழா முழுக்க விரதம் இருந்ததுக்கு நல்ல பாறணை," என்றார். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்ச முட்டையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன்.

விறாந்தையில் வைத்து நான் விசயத்தைச் சொல்ல, தில்லையண்ணை ஒரு முட்டையை எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே குலுங்கியது. தட்டுகளை வாழையடிக்குத் தூக்கிக்கொண்டு போய், புதைக்கக் கிடங்கு வெட்டினார். உடைந்ததுகளின் மணம் விறாந்தை வரைக்கும் வந்தது. பரமலிங்கத்தார் சாரத்தின் தலைப்பால் வாயைப் பொத்தினார்.

"இதுக்குத்தான் அண்டைக்கே சொன்னனான்."

அக்கா பிறிட்ஜுக்குள் மிச்சம் கிடந்த முட்டைகளில் சிலதைக் கோப்பையில் உடைத்துப் பார்த்தா. அதெல்லாம் ஓரளவு நல்லாய்த்தான் இருந்தது. கோப்பையைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினா.

"உங்கடை கடையிலை இதை வெளியிலையோ வைச்சனீங்கள்?" என்று என்னைக் கேட்டா.

"பேந்தெங்கை வைக்கிறது?"

"அங்கை லொறியும் குளிர், கடையும் குளிர், வாங்கிக்கொண்டு போற வீடும் குளிர். ஒரு இடத்திலையும் விடாது. கழுவுறதும் மெசினிலை, சுடுதண்ணி. நான் உதெல்லாத்தையும் கண்ணாலை கண்டனான். இஞ்சை வந்து ஒரு பிறிட்ஜை வாங்கி வைச்சிட்டுப் போதுமெண்டு நினைச்சிட்டன்." பிறகு வாழையடியைப் பார்த்துச் சொன்னா, "தில்லை, பிழை என்னிலைதான்."

"பிழை ஆரிலை எண்டாலும் மணம் கோழியிலைதானே," என்றார் அத்தான். "தில்லை, உதுகளை வித்துப்போட்டு நிம்மதியா இரும். நாங்கள் மாசா மாசம் ஏதும் அனுப்புவம்."

தில்லையண்ணை மண்வெட்டியை வாழையில் சாத்திவிட்டு வந்தார். கைகழுவவில்லை. அந்த மனிசன் அவ்வளவு கதைத்ததை நான் முந்தியும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

"அனுப்பவேண்டாம் அத்தான்," என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "அக்கா, வீடு உங்கடை. அறையளை எடுங்கோ, விறாந்தையை எடுங்கோ, எல்லாத்தையும் எடுங்கோ. வாற ஆக்களின்ரை அறையை நான் கூட்டித் துடைச்சு வைக்கிறன். நாங்கள் பின்னாலை கூட்டுக்குப் பக்கத்திலை ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு இருக்கிறம். கோழியை மட்டும் விடுங்கோ. ஆனால் இனிக் கழுவ என்னாலை ஏலாது."

செல்வநாயகி அக்கா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. மெல்ல வந்து படியில் இருந்தா.

"என்னையும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்," என்றா. பிறகு தன்ரை முழங்காலைத் தடவிக்கொண்டு, "பின்னாலையெண்டால் படி ஏறி இறங்கத் தேவையில்லை," என்று அவவே சொன்னா.

சிவகௌரி அக்கா வாயைத் திறக்குமுன் பரமலிங்கத்தார்தான், "அது நல்ல யோசனை," என்றார். "வேலி ஓரமாத் தள்ளிப் போட்டால் மணமும் அவ்வளவா வராது." அக்கா பிறிட்ஜின் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனா. அவ அழுதாவோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் ஓட்டோக்காரனை மறித்து வைத்திருந்தேன், வெளிக்கிட்டுவிட்டேன்.

அவர்கள் திரும்பிப் போகுமுன் கொட்டில் எழும்பியது. கொட்டில் என்று சொல்லக்கூடாது, அக்கா நின்று கல்லால் கட்டுவித்து, கூரைக்குச் சீற் போட்டு, ஒரு காற்றாடியும் பூட்டிவிட்டுத்தான் போனா. ஒரு அறை. கட்டிலிலிருந்து கையை நீட்டினால் கோழிக்கூட்டின் கம்பி. முன்வீட்டில் இப்போது விடுமுறைக்கு வருகிற சனம் மாறி மாறித் தங்குகிறது. தில்லையண்ணை கூட்டுகிறார், துடைக்கிறார், அறைப்பூட்டின் திறப்பைக் கொடுக்கிறார், கோழிக்குத் தீன் போடுகிறார். முட்டை முந்தி மாதிரித்தான் வருகிறது, எச்சத்தை நகத்தால் சுரண்டி, காய்ந்த சீலையால் துடைத்து. என்ரை கடைக்கு வாங்க வந்த சிலர் இன்னும் திரும்பி வரவில்லை. தர்சினி ரீச்சர் வருகிறா. ஆனால் கடையில் வைத்தே ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்கிறா.

போன கிழமை முட்டை இறக்க வந்தவரை இருத்தி ஒரு பிளேன்ரீ கொடுத்தேன். களைத்துப்போயிருந்தார்.

"அண்ணை, அண்டைக்கு அக்கா மனமுடைஞ்சு நிக்கேக்கை வீட்டை எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கலாம். தந்திருப்பா."

"வீட்டைக் கேட்டிருந்தால் அத்தான் கோழியையும் விட்டிருக்க மாட்டார்."

பிளேன்ரீயை ஊதிக் குடித்தார். பிறகு சொன்னார், "முன்னறையிலை பிரான்சுக்காரப் பெடியன் ஒருத்தன் நிக்கிறான். முட்டையை வெளியிலை வையுங்கோ எண்டுறான். பக்கத்தறையிலை ஒரு கனடாக்காரி. பிறிட்ஜுக்கை வையுங்கோ எண்டுறா. நான் ரண்டு பேருக்கும் ஓம் எண்டிட்டு வந்தனான். இனிப் போய் எல்லாத்தையும் பொரிச்சுக் குடுக்கவேணும்."

கோப்பையை வைத்துவிட்டு, வெறுந்தட்டுகளைக் கரியரில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.