நண்டம்மாவின் கைகள்

வயது நாற்பத்தாறு. அதில் பத்தொன்பது வருடம் நண்டுகள் சட்டை கழற்றுவதை, அதாவது பழைய ஓட்டை உரித்துப் போடுவதைப் பார்ப்பதிலேயே போயிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் நண்டம்மா. தொட்டி அறை வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நுழைகிறார். பக்தியெல்லாம் இல்லை, தரை அதிர்ந்தால் நண்டு மிரளும்.

"எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை பேரைச் சொல்லுவா. நண்டு சாப்பிடலைன்னா லீவையே ரத்து பண்ணிடுவா" என்பார் கணவர்.

"நண்டு என்னைக்காவது 'சட்டையை எங்கே வச்சே'ன்னு கேட்டிருக்கா?" என்பார் இவர்.

இன்று காலை பக்கத்துத் தொட்டியின் மோட்டாரைப் பார்க்க வந்த மெக்கானிக் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார். "அய்யோ, செத்துப் போச்சேம்மா! சாஞ்சு கிடக்கு."

"உஷ்! சட்டை கழட்டுது. நீங்களும் செருப்பைக் கழட்டுங்க. மோட்டார் அப்புறம்."

ஓட்டின் பின்பக்கம் பிளந்து, பழைய உடம்புக்குள்ளிருந்து புதிய உடம்பு பின்னோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கண்மேல் இருந்த உறை கழன்றது. செவுளின் உறை, வயிற்றின் உள்தோல்கூடக் கழன்றன. எத்தனை முறை பார்த்திருந்தாலும் இந்த இடத்தில் நண்டம்மாவுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

மிச்சம் பெரிய கொடுக்கு மட்டும். அவ்வளவு பெரிய சதை, விரல் நுழையாத மூட்டு வழியாக வந்தாக வேண்டும். அதற்காகவே நண்டு பல நாள் முன்பிருந்து கொடுக்கின் சதையைத் தானே கரைத்து மெலிய வைக்கிறது. எவ்வளவு மெலிய வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? அவருடைய ஆராய்ச்சி மொத்தமும் அந்த ஒரு கேள்விதான். இந்த வருடம் இரண்டு நண்டுகள் இதே இடத்தில் மாட்டி இறந்தன. மிஞ்சியது இது ஒன்று.

கொடுக்கு பாதியில் நின்றது. நண்டு அசையவில்லை.

"லேசா இழுத்து விட்டா என்னம்மா? பாவமா இருக்கு."

"தொட்டா பிஞ்சுடும்யா. இப்ப அது வெறும் தோல்."

சொன்னாரே தவிர, அவர் கை தண்ணீர்ப் பக்கம் போய்விட்டது. சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, பிரம்பு நாற்காலியில் அழுந்த உட்கார்ந்துகொண்டார். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. "பரீட்சை ஹால்ல பிள்ளையை விட்ட அம்மா மாதிரி இருக்கீங்க."

நண்டு ஒருமுறை நடுங்கியது. மறுபடி நடுங்கியது. பிறகு கொடுக்கு, ஈரத் துணிபோலத் துவண்டு, முழுசாக வெளியே வழுக்கி வந்தது. பக்கத்தில் கால், கண், கொடுக்கு எதுவும் குறையாமல் இன்னொரு நண்டு கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

"ரெண்டாயிடுச்சேம்மா!" என்றார் மெக்கானிக், கோவிலில் பேசுவதுபோலத் தணிந்த குரலில்.

நண்டம்மா கைகளை மெல்ல வெளியே எடுத்தார். பிரம்புப் பின்னல் இரண்டு புறங்கையிலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவற்றை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடு இறுகும்வரை நண்டு எதையும் தொடாது. பசி வந்ததும், முதலில் தின்னப்போவது தன் பழைய சட்டையைத்தான்.